சும்மா ஒரு காத்து

சைக்கிளுக்குக் காற்றடிக்கக் காசு வாங்குகிறவன் உருப்படமாட்டான் என்று ஆலங்குடியில் யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. ஆனாலும் அந்த ஊரில் பிறந்த ஒவ்வொருத்தரும் அதைத் தாய்ப்பாலோடு சேர்த்துக் குடித்திருந்தார்கள். நான் அந்த ஊரில் பிறக்கவில்லை. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

நான் கட்டுமாவடிக்காரி. என் ஆத்தா கடற்கரையில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து விற்றவள். எங்கள் வீட்டு வியாபாரத்தில் கொசுறு உண்டு. நெத்திலி வாங்கினால் அளந்து போட்டபிறகு மேலே ஒரு கை விழும். அதில் என் ஆத்தா ஒருநாளும் கை சுருக்கியதில்லை. ஆனால் கொசுறு என்பது மீன் வாங்கினவர்களுக்கு. வெறுங்கையோடு வந்து நின்று, "மீனு வேணாம், கொசுறை மட்டும் போடு" என்று யாராவது கேட்டிருந்தால் என் ஆத்தா என்ன சொல்லியிருப்பாள் என்பதை இங்கே எழுத முடியாது.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு சைக்கிள் கடைக்காரரைக் கட்டிக்கொண்டு ஆலங்குடிக்கு வந்தேன். கொசுறை மட்டும் வாங்கிப்போக ஒரு ஊரே கிளம்பி வரும் என்பதை அங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

பஸ் நிற்கிற இடத்துக்குப் போகும் தெருவில் எங்கள் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவே தொங்குவது ஒரு சாக்குப் படுதா. வாடகைக்கு விட ஆறு சைக்கிள் இருந்தன. எங்களுக்குச் சோறு போட்டவை அந்த ஆறுதான். அதுபோக பங்க்சர் ஒட்டுவது, ரிம்மில் கோட்டம் எடுப்பது என்று கொஞ்சம் வேலை வரும். மற்ற நேரமெல்லாம் தர்மம்.

அந்தத் தர்மத்தைக் கேட்பதற்கென்று ஒரு பேச்சு இருந்தது. "காத்தடிங்க" என்று யாரும் கேட்க மாட்டார்கள். "சும்மா ஒரு காத்து" என்பார்கள். "சும்மா ஒரு சொட்டு எண்ணெ." "சும்மா லேசா இந்த நட்டை ஒரு திருகு." அந்த லேசான திருகலுக்கு வண்டி அரைநாள் தலைகீழாக நிற்கும். என் வீட்டுக்காரர் தரையில் குந்தியிருப்பார், வண்டிக்குச் சொந்தக்காரர் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் பானைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பார்.

ஒருவர் புதுக்கோட்டையில் பெரிய கடையில் புது சைக்கிள் வாங்கினார். வாங்கின மூன்றாம் நாள் எங்கள் கடைக்கு ஓட்டிக்கொண்டு வந்து, எல்லா நட்டையும் ஒருதடவை முடுக்கிக் கொடுக்கச் சொன்னார். வாங்கின இடத்தில் கேட்கக்கூடாதா என்று நான் படுதாவுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தேன். "அதுக்காக அம்புட்டுத் தூரம் மிதிக்க முடியுமாத்தா? கூப்புடு தூரத்துல நீங்க இருக்கையில?" என்றார். என் வீட்டுக்காரர் அதை ஏதோ மாலை மரியாதை மாதிரி தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

இன்னொரு நாள் ஒரு அம்மா ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தார். ஆட்டின் கழுத்து மணி வளையம் விரிந்துவிட்டதாம், நெருக்கிக் கொடுக்க வேண்டுமாம். ஆட்டுக்கும் சைக்கிள் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "கொறடு ஒங்க கடையிலதானத்தா இருக்கு" என்றார். குறடு எங்கள் கடையில்தான் இருந்தது.

தினம் வருகிறவர்களில் இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன். முதல் ஆள் கடலைத் தரகர். ஊர் ஊராகப் போய்க் கடலைக்கு விலை பேசுகிறவர். என் வீட்டுக்காரரை மாப்ளே என்பார், என்னைத் தங்கச்சி என்பார். காலை ஏழு மணிக்குப் பின் கேரியரில் மூட்டையோடு வந்து நிற்பார். மூட்டையை இறக்க மாட்டார். "பாரத்தோட அடிச்சாத்தான் மாப்ளே அளவு சரியா நிக்கும்" என்பது அவருடைய சாஸ்திரம். அவர் வண்டிக்கு எங்கள் கடையில் ஒரு பங்க்சர்கூட ஒட்டியதில்லை. அத்தனை கச்சிதமாக அடித்துக் கொடுத்தால் எங்கே பங்க்சர் ஆகும்?

இரண்டாவது ஆள் வாத்தியார். ஆவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த கிறித்தவர், மரியாதை தெரிந்தவர். காற்று அடித்து முடித்ததும் கைகூப்பி, "ஆண்டவர் ஒங்களை ஆசீர்வதிப்பாருங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போவார். அவர் சைக்கிளுக்கு இரண்டு சக்கரம், வாரத்துக்கு ஆறு நாள் பள்ளிக்கூடம். ஆசீர்வாதத்தை மட்டும் வைத்து வாழ முடியுமென்றால் ஆலங்குடியிலேயே பெரிய பணக்காரர்கள் நாங்களாகத்தான் இருந்திருப்போம்.

இதைப் பற்றி வீட்டில் சண்டை வராத நாளில்லை. சண்டை என்றால் நான்தான் போடுவேன். அவர் சிரிப்பார்.

"காத்தை நம்மளா உண்டாக்குனோம்? அதுக்குப் போயி என்னத்தைக் கேக்குறது?" என்பார்.

"காத்து ஆண்டவன் குடுத்ததுதான். அதைப் புடிச்சு டியூபுக்குள்ள அடைக்கிறது யாரு, ஆண்டவனா?" என்பேன்.

"ஒங்காத்தா பேச்சு அப்படியே வருதே ஒனக்கு" என்று சொல்லிவிட்டுப் பம்பை எடுத்துக்கொண்டு போய்விடுவார். தெருவில் எவனாவது நின்றிருப்பான். கேட்பதற்கு முன்பே எழுந்திருக்கிற மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

கல்யாணமாகி மூன்று வருசம் போயிருக்கும். பம்பை அமுக்கிவிட்டு நிமிரும்போது ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தேன். கேட்டால் வாயு என்றார். ரசத்தில் பூண்டு கூடப் போட்டேன். ஒருநாள் காலையில் தரகரின் பின்சக்கரத்துக்கு, மூட்டையோடுதான், அடித்துக்கொண்டிருந்தவர் பாதியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப்போய்ப் பேச்சு வரவில்லை. தரகரும் நானுமாகப் பஸ்ஸில் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம்.

குடலிறக்கம் என்றார்கள். அறுத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர், என்ன வேலை செய்கிறாய் என்று விசாரித்தார். சைக்கிளுக்குக் காற்றடிப்பது என்றதும், ஒரு நாளைக்கு எத்தனை வண்டிக்கு என்று கேட்டார்.

"பத்து இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நாப்பதுங்க. புளியங்கொட்டை போட்டு எண்ணியிருக்கேன்" என்றேன் நான்.

டாக்டர் என்னைப் பார்த்துத்தான் மேற்கொண்டு பேசினார். மூன்று மாசத்துக்கு அந்தப் பம்பைத் தொடக்கூடாது. குனிந்து அமுக்குகிற வேலை எதுவும் கூடாது. தையல் பிரிந்தால் மறுபடி தைத்து ஆளைப் பிழைக்க வைக்க முடியுமா என்று தன்னால் சொல்ல முடியாது. இவ்வளவுதான் சொன்னார்.

நான் யாருக்கும் பயந்தவள் இல்லை. அன்றைக்கு, திரும்பி வருகிற பஸ்ஸில் பயந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது, மடியில் ஒரு வயதுப் பெண் குழந்தை. இந்த மனிதரைச் சாகடிக்க ஆலங்குடிக்கு ஆயுதம் எதுவும் வேண்டாம், "சும்மா ஒரு காத்து" என்று சிரித்தபடி கேட்டால் போதும். இவர் எழுந்துவிடுவார். எனக்குத் தெரியும்.

மறுநாளே படுதாவைச் சுருட்டி மேலே கட்டிவிட்டேன். இனிமேல் நானும் கடையில்தான். பங்க்சர் மட்டும் உட்கார்ந்தபடி ஒட்டலாம் என்று அவருக்கு உத்தரவு. வருகிறவர்களிடம், "பம்பு அங்கிட்டு இருக்கு. காசெல்லாம் வேணாம், நீங்களே அடிச்சுக்குங்க" என்றேன். இதைவிடத் தாராளம் உலகத்தில் உண்டா என்று நினைத்துக்கொண்டேன்.

தரகர் பம்பையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "நான் அடிச்சா காத்து நிக்காது தங்கச்சி" என்றார்.

"ஏன் நிக்காது? ஓட்டையா இருக்கு?"

"ஓட்டையெல்லாம் இல்ல. மாப்ளே கைராசி அப்படி. அவரு அடிச்சா நாலு நாளைக்கு நிக்கும். நான் அடிச்சா அரசடிப் பாலம் தாண்டாது."

சாக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் பார்த்தால் ஊரே அதை நம்பிக்கொண்டிருந்தது. சொந்தக் கையால் அடித்த காற்று சீக்கிரம் இறங்கிவிடும், வண்டி கனக்கும், டியூப் ஓரத்தில் வெடிக்கும். கடைக்காரர் கை பட்டால்தான் காற்று தங்கும். சரி, படித்தவரையாவது கேட்போம் என்று வாத்தியாரைக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "விஞ்ஞானப்படி பாத்தா வித்தியாசம் இல்லம்மா. ஆனா அனுபவம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். இவரிடம் படிக்கிற பிள்ளைகளின் கதி என்னவோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரருக்கோ இதெல்லாம் காதில் தேனாக விழுந்தது. கைராசி என்று ஒவ்வொருத்தர் சொல்லும்போதும் பெஞ்சின் விளிம்புக்கு ஒரு விரற்கடை நகர்ந்தார்.

மூன்றாம் நாள் நான் குடத்தோடு தண்ணீருக்குப் போய்விட்டுத் திரும்புகிறேன், கடையிலிருந்து புஸ் புஸ் என்று சத்தம். வேகமாக வந்து பார்த்தால் இவர் குனிந்து அமுக்கிக்கொண்டிருக்கிறார். நெற்றியெல்லாம் வேர்வை. பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு மனிதர்.

"வெளியூர்க்காரரு புள்ள. கொடும்பாளூர் வரைக்கும் போகணுமாம்" என்றார், என்னவோ அதில் நியாயம் இருக்கிற மாதிரி.

குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பம்பை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அந்த மனிதரிடம் நான் பேசிய பேச்சில் அவர் பாதிக் காற்றோடு கொடும்பாளூருக்குக் கிளம்பிவிட்டார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. அதற்கப்புறம் என் வீட்டுக்காரரை உள்ளே கூட்டிப்போய் வேட்டியை விலக்கித் தையலைப் பார்த்தேன். பிரியவில்லை. பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. "நீங்க செத்துப்போனா இந்த ஊரு என்ன செய்யும் தெரியுமா? எழவுக்கு வாறப்பவும் ஒரு காத்து அடிச்சுட்டுப் போகும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பம்பைக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை, கொம்பு முளைத்தது. பம்பு இல்லாத சைக்கிள் கடை என்ன கடை என்று தெருவில் பேச்சு வந்தது. மீன்காரி மகள் ஊர்க் காற்றையே அடைத்து வைத்துவிட்டாள் என்றார்கள். காற்றுக்கு வராதவர்கள் வாடகை சைக்கிளுக்கும் வரவில்லை. நாலு நாளாக ஆறு சைக்கிளும் வரிசையாகச் சாய்ந்து நின்றன. அவற்றுக்கு அடிப்பதற்கும் ஆள் இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் பம்பை வெளியே எடுத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அதன் இரண்டு பக்கக் கட்டையிலும் கால் வைத்து ஏறி நின்றேன். முதல் சைக்கிளுக்கு மூச்சு முட்டியது. மூன்றாவதுக்குக் கை பழகிவிட்டது. எங்கள் ஊரில் பெண்கள் தலைச்சுமையோடு மணலில் மைல் கணக்கில் நடப்பார்கள். இதெல்லாம் ஒரு வேலையா?

அந்த நேரத்தில் தரகர் வந்து நின்றார், மூட்டையோடு. "எறக்க வேணாம்ணே, அப்படியே நிறுத்துங்க. நான் அடிச்சுத் தாரேன்" என்று சொல்லிவிட்டுப் பம்பை அவர் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு அமுக்கு அமுக்கியிருப்பேன். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பஸ்ஸுக்கு நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தரகர் காதெல்லாம் சிவந்துபோய்க் கைப்பிடியை எட்டிப் பிடித்தார்.

"விடு தங்கச்சி. பொம்பளை காத்தடிக்க, பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தான்னு ஊரு பேசணுமா?"

"ஒங்களுக்குத்தான் கைராசி இல்லையேண்ணே."

"அது கெடக்கு. நீ அங்கிட்டுத் தள்ளு."

தள்ளினேன். தரகர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தானே அடித்தார். முன்சக்கரத்துக்கும் சேர்த்து அடித்தார். அரசடிப் பாலம் தாண்டிப் போய்க் கீரமங்கலம் வரை சுற்றிவிட்டுச் சாயங்காலம் அதே வழியாகத்தான் திரும்பினார். காற்று நின்றிருந்தது.

அதற்கப்புறம் எனக்கு ஒரு வேலையும் இல்லை. வண்டி வந்து நின்றால் எழுந்து முந்தானையைச் செருகுவேன், அவ்வளவுதான். பம்பு என் கைக்கு வருவதற்குள் பிடுங்கிக்கொள்வார்கள். வாத்தியார் ஒருநாள் சைக்கிளிலிருந்து குதித்த வேகத்தில் செருப்பு ஒன்று சாக்கடைக்குப் போய்விட்டது. "வேணாம்மா, வேணாம்மா" என்று ஒற்றைச் செருப்போடு அடித்தார். என் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து, தையல் இழுக்குமே என்று வயிற்றைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். வாடகைக்கு ஆள் வரத் தொடங்கியது. ஆட்டு மணிகூட வந்தது. "இந்தாங்க கொறடு" என்று நீட்டினேன், அந்த அம்மாவே நெருக்கிக்கொண்டு போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் ஆத்தாவுக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பினேன், ஊரைத் திருத்திவிட்டேன் என்று.

மூன்று மாசம் முடிந்து புதுக்கோட்டைக்குப் போனோம். டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, நன்றாகக் கூடிவிட்டது, பார்த்துப் பதனமாக இனி வேலை செய்யலாம் என்றார். பம்புகூடவா என்று நான் கேட்டேன். அளவோடு என்றால் பம்புகூட என்றார். வரும் வழியில் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் கண்டக்டரிடம்கூடப் பேச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் விடியும்போதே குளித்துவிட்டார். பம்பைத் துடைத்து, தோல் வாசருக்கு எண்ணெய் போட்டு, கடை முன்னால் நட்டக்குத்தலாக நிறுத்திவைத்தார். சொல்லிவைத்த மாதிரி ஏழு மணிக்குத் தரகர் வந்தார். மூட்டையை அவரே இறக்கினார். இவர் பம்பின்மேல் கை வைத்தார்.

"ஏ மாப்ளே, நீ ஒக்காரு. ஒடம்பு முக்கியம்" என்று அந்தக் கையை எடுத்துவிட்டு, தரகர் கடகடவென்று அடித்து முடித்துப் போய்விட்டார்.

வாத்தியாரும் அப்படித்தான். "இருங்க இருங்க, எனக்குப் பழகிருச்சுங்க" என்றார். அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற அவசரம் வேறு. முன்பெல்லாம் இவர் அடித்துக் கொடுக்கிற நேரத்தில் மழையைப் பற்றி, கடலை விலையைப் பற்றி, யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள் என்பதைப் பற்றியெல்லாம் பேச்சு ஓடும். மூன்று மாசமாக அடிக்கிறவனுக்கே மூச்சு வாங்கியதால் யாரும் பேசுவதில்லை. அடிப்பார்கள், போவார்கள். அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் முப்பது வண்டியாவது வந்திருக்கும். ஒவ்வொருத்தரிடமும் இவர் எழுந்து போனார். ஒவ்வொருத்தரும் அன்பாகத் தோளைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

சோறு போட்டுக் கூப்பிட்டேன். இரண்டு கவளம் தின்றுவிட்டுக் கையை இலையிலேயே வைத்திருந்தார்.

"கொழம்பு நல்லால்லையா?"

"நல்லாத்தான் இருக்கு." ஒரு பருக்கையை இலை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "ஒருத்தரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேங்குறாங்க புள்ள."

எனக்குச் சுருக்கென்றது. ஆளைப் பத்திரமாக மீட்டுக் கொண்டுவந்தேன் என்று அத்தனை நாளும் மார்தட்டிக்கொண்டிருந்தவள் நான். தையல் கூடியிருந்தது, உடம்பில் சதை வைத்திருந்தது. ஆனால் என் எதிரே சோற்றைப் பிசையாமல் உட்கார்ந்திருந்தவர் நான் கட்டிக்கொண்ட மனிதர் இல்லை. கேட்பதற்கு முன்பே எழுந்திருப்பாரே, அவரை நான் எங்கேயோ தொலைத்துவிட்டிருந்தேன். எவ்வளவு முட்டாள் நான் என்று வாய்விட்டே சொன்னேன். என்ன என்றார். ஒன்றுமில்லை, மோர் ஊற்றிக்குங்க என்றேன்.

அவர் கை கழுவப் போன நேரத்தில் கடைக்குப் போனேன். வரிசையில் கடைசியாக நின்ற வாடகை சைக்கிளின் முன்சக்கரத்தில் வால்வைத் திருகினேன். காற்று முழுக்க இறங்கும்வரை விரலை எடுக்கவில்லை. சக்கரம் ரிம்மோடு தரையில் உட்கார்ந்தது. அதை உருட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினேன்.

"இதுக்குக் காத்தடிச்சுத் தாங்க" என்றேன்.

சக்கரத்தைப் பார்த்தார். "காலையில நல்லாத்தானே இருந்துச்சு. யாருக்கு வண்டி?"

"எனக்குத்தான்."

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பம்பை எடுத்துவந்து மாட்டி, குனிந்து அமுக்க ஆரம்பித்தார். வலி தெரிகிறதா என்று அவர் முகத்தைத் தவிர வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

நிமிர்ந்தார். மூச்சு வாங்கியது, ஆனால் கை வயிற்றுக்குப் போகவில்லை. "போதுமா பாரு" என்றார்.

டயரை அமுக்கிப் பார்த்தேன். கல்லாக இருந்தது.

"பத்தாது. இன்னும் ரெண்டு அடிங்க" என்றேன்.